நெய்வேலி வாய்க்காலில் ஒரு முக்காலி

கோயம்புத்தூரிலிருந்து நெய்வேலிக்கு ஒரு கிரைண்டரைக் கையில் தூக்கிக்கொண்டு போவதற்கு அரசு நடைமுறை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோயில் யானையை இன்னொரு கோயிலுக்கு மாற்ற யார் யார் கையெழுத்து வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். கிரைண்டருக்கு என் மனைவியின் வாய்மொழி உத்தரவு ஒன்றே போதுமானதாக இருந்தது.

“ஏனுங்க, சுமதி இன்னும் மிக்ஸியிலதான் மாவாட்டறாளாமா. கேக்கவே ஒரு மாதிரி இருக்குது. நீங்க சும்மாதான இருக்கறீங்க, கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.”

சுமதி அவள் தங்கை. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். உத்தரவை ஏற்றுக்கொண்டேன், சும்மா இருக்கிறேன் என்ற குற்றச்சாட்டை மட்டும் மறுத்தேன். ஓய்வு பெற்றதும் கேமரா வாங்கியவர்களின் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி வைப்பார்கள். அந்த மாதத் தலைப்பு ‘அந்தியில் ஓடும் நீர்’. நீர் உறைந்து நிற்கும்படி எடுத்தால் தள்ளிவிடுவார்கள். கேமராவின் கண்ணைச் சில நொடிகள் மூடாமல் வைத்திருந்து, அந்த நேரத்தில் ஓடிய நீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பால் போலக் கலைந்து தெரியவேண்டும். நீர் மட்டும்தான் கலையலாம். கேமரா அசையக்கூடாது, அதற்காக முக்காலி. வெளிச்சம் அளவுக்கு மீறி உள்ளே போகாமலிருக்க லென்ஸின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு கொடுத்தாயிற்று, நீருக்கு எங்கே போவது? நொய்யலில் ஓடுவதை நீர் என்று எழுதிக் கையெழுத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. சுமதியின் வீட்டுக்காரர் சண்முகத்திடம் போனில் புலம்பினேன். என் சகலை. சுரங்கத்தில் வேலை.

“தண்ணிதான அண்ணே? இங்க மைன்ஸ்லேர்ந்து ராப்பகலா பம்ப் பண்ணி வாய்க்கால்ல விட்டுட்டே இருப்பாங்க. அதுக்கு ஞாயித்துக்கிழமை கூட லீவு கிடையாது. கேமராவையும் எடுத்துட்டு வாங்க.”

பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் நிலத்தடி நீர் இருக்கிறதாம். அதை இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். சுற்றுவட்டாரக் கழனிகள் அதைக் குடிக்கின்றன. ஆக, எனக்கு வேண்டிய ஓடும் நீர், விடுப்பே எடுக்காமல் பணியில் இருந்தது. என் முப்பத்தைந்து வருடச் சர்வீசில் அப்படி ஒரு ஊழியரை நான் பார்த்ததில்லை.

பஸ் கண்டக்டர் கிரைண்டரை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னா சார் அது, அம்மிக்கல்லா?”

“கிரைண்டர். புதுசு.”

“வழியில வெச்சா ஆளுங்க எப்டி போறது? மடியில வெச்சிக்குங்க.”

பயணியின் சொந்த உபயோகத்துக்கான சுமை எவ்வளவு வரை அனுமதி, அதை எங்கே வைக்கவேண்டும் என்பதை விதிப்படி அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க சார். அந்த ரூல்ஸையும் சேத்து மடியில வெச்சிக்குங்க.”

மடியில் கல்லோடு நெய்வேலி வந்து சேர்ந்தேன்.

டவுன்ஷிப்பைப் பார்த்ததும் எங்கள் ஊர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. கோவையில் ரோட்டைத் தேடித்தான் வண்டி ஓட்டவேண்டும். இங்கே ரோடு அகலமாகப் படுத்துக் கிடக்கிறது, வண்டியைத்தான் தேடவேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் மரங்கள். எல்லா மாவட்டத்துக்காரர்களும் வந்து குடியேறிய இடம் என்பதால் ஒருவரை ஒருவர் எந்த ஊர் என்று கேட்பதில்லை, எந்த பிளாக் என்று கேட்கிறார்கள். வீடுகள் அனைத்தும் ஒரே அச்சு. ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்து கூடத்தில் கிரைண்டரை இறக்கிவைத்து, “அப்பாடா, தண்ணி கொண்டா சுமதி” என்று உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா சொம்போடு வந்தார். நான் குடித்து முடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை.

“சுமதி வீடு அடுத்த தெருவுங்க. இதே நம்பர்தான். எங்களுக்கும் இப்படி ஆள் வரும், அவங்களுக்கும் வரும்.” பிறகு கிரைண்டர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதை வேணா இங்கேயே வெச்சிட்டுப் போங்க.”

அன்று சுமதி உப்புமா செய்திருந்தாள். எங்கள் ஊரில் உப்புமாவில் முந்திரி என்பது விருந்தாளியின் தட்டில் தென்படும் ஒரு மரியாதை. முந்திரி விளையும் இந்தப் பக்கத்தில் அதை நிலக்கடலை மாதிரி அள்ளிப்போடுகிறார்கள். ரவையைத்தான் தேடவேண்டியிருந்தது. தேடவில்லை. முந்திரியோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் சண்முகம் வேலை முடிந்து நேராக வந்தார். தலையில் ஹெல்மெட், சட்டைக்கு மேல் வெளிச்சம் பட்டால் மினுமினுக்கும் பச்சை மேல்சட்டை. மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். சூரியன் காத்திருக்காது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். ஸ்கூட்டரின் பின்னால் முக்காலியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டுவதற்குள் அதன் ஒரு கால் ஒரு கீரைக் கூடையைத் தட்டியது, இன்னொரு கால் ஒரு போலீஸ்காரரை நூலிழையில் தவறவிட்டது.

டவுன்ஷிப் முடிந்ததும் வயல் தொடங்குகிறது. ஒரு கிராமத்தைக் கடந்து, வாய்க்கால் ஒரு படி இறங்கும் சரிவுக்குப் போனோம். இரண்டு பக்கமும் சம்பா நெல், கதிர் வாங்கித் தலை சாயத் தொடங்கியிருந்தது. நிறம் இன்னும் பச்சைதான். நடுவே நீர் கண்ணாடி மாதிரி வந்து, படியில் விழுந்து, உடைந்து, மறுபடியும் சேர்ந்து போனது. மேற்கே, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண் மலையாக நின்றது. அது கெடுத்த காரியம் ஒன்றுண்டு. சூரியன் மறையும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்துவைத்திருந்தேன். அந்த மலை குறுக்கே நிற்பதைப் பஞ்சாங்கம் எழுதியவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை. இங்கே சூரியனுக்கு ஷிப்டு முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

அவசர அவசரமாக வேலையில் இறங்கினேன். மங்கல் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. எதிர்க்கரையில் வெள்ளையாக ஒன்று நின்றால் அதைவைத்துக் கேமராவைச் சரிசெய்துகொள்ளலாம். அங்கே கிடந்த ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாயைக் கையில் கொடுத்துச் சண்முகத்தை எதிர்க்கரைக்கு அனுப்பினேன்.

“கொஞ்சம் லெப்ட்ல போங்க சண்முகம். இன்னும். அங்கேயே நில்லுங்க. குழாயை நேராப் பிடிங்க, ஆட்டாதீங்க.”

அவர் சிலை மாதிரி நின்றார். கால் நொடி திறந்து எடுத்தேன். நீர் நூல் நூலாக வந்தது. இரண்டு நொடி திறந்தேன்; பஞ்சு. எட்டு நொடி திறந்தேன், கஞ்சி. பஞ்சுக்கும் கஞ்சிக்கும் நடுவில் எங்கேயோதான் முதல் பரிசு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால் படி முழுவதும் அடங்கும் என்று தோன்றவே, முக்காலியோடு அடிமேல் அடி வைத்துக் கரையோடு பின்னால் நகர்ந்தேன். கரை வளைந்துவிட்டது எனக்குத் தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது கேமரா மட்டும் தலைக்கு மேல் பத்திரமாக இருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

தூரத்து வரப்பில் இரண்டு பேர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் பேசினார். கையை ஆட்டினேன். அவர்கள் ஆட்டவில்லை. கோவையில் கேமராவைக் கண்டால் பின்னால் வந்து நின்று இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என்னிடம் பேன்ட் இல்லை. துணிக்குப் பதிலாக லென்ஸ்களை அடுக்கிவந்ததன் விளைவு. கொண்டுவந்த ஒன்று வாய்க்கால் சேற்றோடு ஊறிக்கொண்டிருந்தது, தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியும் கூடவே. சண்முகம் வேலைக்குப் போகும்போது தன் குறிஞ்சிப்பாடிக் கைலி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தறியில் நெய்த கைலி. இப்படி ஒரு சுகத்தை அலுவலக உடையாக யாரும் ஏன் பரிந்துரைக்கவில்லை என்று தெரியவில்லை. அவர் மாலையில் முக்காலியோடு வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் கேமராவை மட்டும் சுமதியின் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி முன்னதாகவே கிராமத்தில் இறங்கினேன். நேரம் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சொன்னேன்.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் கடைக்காரரிடம் கேட்டார்:

“சர்வே வந்துட்டாங்களாமே நேத்து?”

“ஆமாம்பா. வாய்க்கா சரிவாண்ட. ரெண்டு பேரு. ஒருத்தன் ஹெல்மெட்டு மாட்டிகினு, பச்சையா மினுமினுன்னு சட்ட போட்டுகினு, வெள்ளக் கம்பம் புடிச்சிகினு நின்னான். இன்னொருத்தரு பெரிய ஆபீசரு. வெள்ளத் தொப்பி. மூணு கால் மிஷின வெச்சிகினு குனிஞ்சி குனிஞ்சிப் பாத்தாரு.”

“என்னா சொன்னாரு?”

“என்னாத்த சொல்றது. லெப்ட்ல போ, நேராப் புடி, ஆட்டாதன்னு அவன வெரட்டிகினே இருந்தாரு. அப்புறம் காலால அளந்துகினே பின்னாடி வந்தாரு. வாய்க்கால்ல வுழுந்துட்டாரு.”

“வுழுந்துட்டாரா?”

“வுழுந்தும் மிஷின வுடல. ரெண்டு கையால தூக்கிப் புடிச்சிகினாரு. கவுர்மெண்டு மிஷினாச்சே.”

பஜ்ஜியைக் கடித்தபடி ரசித்துக் கேட்டேன். சர்வீசில் இருந்தபோது கூட யாரும் என்னைப் பெரிய ஆபீசர் என்று சொன்னதில்லை. கைலியும் காய்கறிப் பையுமாக இருந்த என்னை இருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“பாவம் அஞ்சலைதான்” என்றார் கடைக்காரர். “சரிவு ஓரத்துக் கழனி அவுளுதுதான? நாளைக்குக் காலையிலயே அறுக்குற மிஷினுக்குச் சொல்லிட்டாளாம்.”

“நெல்லு பச்சையா இருக்குதே?”

“இன்னும் இருவது நாளாவது நிக்கணும். நிக்க வுடுவாங்களா? அளந்துட்டாங்க, அடுத்து கல்லு நடுவாங்க. அப்புறம் உள்ள எறங்க முடியுமோ முடியாதோ. கெடச்ச வரைக்கும் போதும்னு அறுக்கறா.”

“பச்சையா அறுத்தா அத்தினியும் பதரா பூடுமே.”

“பூடும். என்னா பண்றது?”

மீதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தேன். சுற்றிலும் சுரங்கத்துக்காக நிலம் அளந்த ஊர்கள், அளக்கப்போகிறார்கள் என்று பேச்சிருக்கும் ஊர்கள். இந்தப் பக்கத்தில் வரப்பின்மேல் முக்காலி வைத்துக் குனிந்து பார்ப்பவனை வேறு யாராக நினைப்பார்கள்? எதிரில் ஹெல்மெட் போட்ட ஆள் வெள்ளைக் கம்பத்தோடு வேறு நிற்கிறார். ஒரு புகைப்படப் போட்டிக்காக ஒரு பெண்ணின் விளைச்சலைப் பாழாக்கப் போகிறேன்.

“அந்த ஆபீசர் நான்தான்” என்றேன்.

கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கைலி வரை பார்த்தார்.

“பாத்தா அப்பிடித் தெரியலையே.”

வாய்க்கால் கரையோரமாக வேகமாக நடந்தேன். அஞ்சலை வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாலாகத்தான் வந்தது. பக்கத்தில் அவர் கொழுந்தன் ஏழுமலை போனில் யாரிடமோ காலையில் எத்தனை மணிக்கு மிஷின் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று தூரத்து வரப்பில் நின்ற இருவர் இவர்கள்தான்.

“அம்மா, நெல்லை அறுக்கவேண்டாம். நேற்று வந்தது சர்வே இல்லை. நான் போட்டோ எடுக்க வந்தேன்.”

இருவரும் என் கைலியைப் பார்த்தார்கள். என் கைவசம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

“சர்வே என்றால் இப்படித் திடீரென்று வரமாட்டார்கள். முதலில் அறிவிக்கை வரும். ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள். அளக்க வரும்போது வி.ஏ.ஓ. கூட இருப்பார். பட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் கையில் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் போகும்.”

ஏழுமலை போனை மூடினார். “பாத்தீங்களா அண்ணி. புட்டுப் புட்டு வெக்கிறாரு.”

“இல்லைங்க, இது பொது நடைமுறை.”

“நீங்க என்னா வேல பாக்கறீங்க?”

“ரிட்டயர் ஆயிட்டேன்.”

“எதுலேர்ந்து?”

பொய் சொல்லிப் பழக்கமில்லை. “கலெக்டர் ஆபீசு.”

“சரியாப் போச்சு” என்றார் ஏழுமலை.

அஞ்சலை என்னை உற்றுப்பார்த்தார். “ஏங்க, நாங்க என்னா கேக்கறோம்? முத்தட்டும். முத்துன நெல்ல அறுத்துகினு அப்புறம் பேசிக்கலாம். அதுக்குக் கூட வுட மாட்டீங்களா?”

“நான் சர்வேயர் இல்லைங்கம்மா. ஊரில் கேமரா சங்கத்தில் இருக்கிறேன்.”

“சங்கம்னா எந்தக் கட்சி?”

அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்த நேரம், கரைமேல் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹெல்மெட், மினுமினுக்கும் பச்சைச் சட்டை, தோளில் முக்காலி. சண்முகம் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டார். வருகிற வழியில் கிடந்ததென்று அந்த வெள்ளைக் குழாயையும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

“கம்பம் புடிக்கிறவனும் வந்துட்டான் அண்ணி.”

“அண்ணே, இன்னிக்கு எங்க நிக்கணும்?” என்றார் சண்முகம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “ஐயோ, நான் மைன்ஸ்ல கன்வேயர்ல வேலை பாக்கறேங்க” என்று அவர் சொன்னது எங்களுக்கு உதவவில்லை.

“எங்க வூட்டுக்காரரும் அங்கதான் கான்ட்ராக்ட்டுல போறாரு” என்றார் அஞ்சலை. “அவுரு போயி யாரு கழனியிலயும் கம்பம் புடிச்சிகினு நிக்கலையே.”

எனக்குத் தெரிந்த நடைமுறைகள் தீர்ந்துவிட்டன. காய்கறிப் பையிலிருந்து கேமராவை எடுத்து, நேற்றைய படங்களைத் திரையில் போட்டு அவர்கள் முன் நீட்டினேன். வெயில் படாமல் அஞ்சலை முந்தானையால் மறைத்துக்கொண்டு குனிந்தார். ஏழுமலையும் தலையை நுழைத்தார்.

“இன்னா இது, பொகையா?”

“தண்ணி.”

“எங்க தண்ணி? ஒரே வெள்ளையாக் கெடக்குது. பாலு பொங்கி ஊத்துன மாதிரி.” அஞ்சலை அடுத்த படத்தைத் தள்ளினார். காற்றில் நெல்லும் ஆடியிருந்ததால் கரை முழுக்கப் பச்சை மூட்டமாக இருந்தது. “எங்க வரப்பு எங்க? வரப்பையே காணோம்.”

ஏழுமலை திரையைப் பெரிதாக்கச் சொல்லி, ஓரம் ஓரமாகத் தேடினார். “எல்லக் கல்லு இருக்கணுமே. இந்த மூலையிலதான இருக்குது. ஒண்ணும் தெரியலையே.”

அடுத்த படம் எட்டு நொடிப் படம். சிலை மாதிரி நின்ற சண்முகம் அவ்வளவு ஒன்றும் சிலையாக நிற்கவில்லை என்பது அதில் தெரிந்தது. ஹெல்மெட் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல். அதற்குக் கீழே உடம்பின் வழியாக எதிர்க்கரை தெரிந்தது.

“இது யாரு, பேயா?” என்றார் அஞ்சலை.

“என் சகலை.”

அவர் திரையைப் பார்த்தார், சண்முகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து சிரிப்பு வெளியே வந்தது. சண்முகம் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுக்கா என்னை மூச்சுவிடாம நிக்கச் சொன்னீங்க?” என்றார்.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டார். “சார், நெசமாச் சொல்லுங்க. இது இப்பிடித்தான் வருமா, இல்ல உங்களுக்கு எடுக்கத் தெரியலையா?”

என் ஓய்வுக்காலத்தின் கடினமான கேள்வி அது. இது ஒரு கலை, இதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள், வேண்டுமென்றே கண்ணைத் திறந்துவைத்து நீரின் ஓட்டத்தையே படமாக்குகிறோம் என்று அரைமணி நேரம் பேச எனக்கு வரும். சங்கத்தில் பேசியுமிருக்கிறேன். ஆனால் வாய் திறந்து விளக்கும்போதெல்லாம் நான் அதிகாரியாக மாறிக்கொண்டிருந்ததைச் சற்றுமுன்தான் பார்த்தேன். எதிரில் பால் கட்டிய நெல் நின்றது.

“சரியா வரலைங்க” என்றேன். “எல்லாம் ஆடிப்போச்சு.”

“அதான பாத்தேன்.” ஏழுமலையின் முகம் தெளிந்தது. “அண்ணி, இத வெச்சிகினு ஒரு சென்ட்டு கூட அளக்க முடியாது. இப்பிடி எடுக்குற ஆள எவன் சர்வேக்கு வெப்பான்?”

“இரு” என்றார் அஞ்சலை. சுலபத்தில் விடுகிறவர் இல்லை. “என் கண்ணெதிர்ல ஒண்ணு எடுங்க சார். பாக்கறேன்.”

மண் மலையின் விளிம்பில் சூரியன் உட்கார்ந்துகொண்டிருந்தது. முக்காலியைக் கரையில் ஊன்றினேன். சண்முகம் குழாயைத் தூர வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். படியில் விழும் நீர் ஆரஞ்சு நிறத்தில் உடைந்து கொட்டியது. கறுப்புக் கண்ணாடியை மாட்டி, நான்கு நொடி திறந்துவைத்தேன். அஞ்சலை கேமராவைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் படம் வந்ததும் குனிந்தார்.

சொன்னால் தற்பெருமையாகும், நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். படி மேலிருந்து கீழ்வரை உருக்கிய செம்பு மாதிரி நீர் வழிந்து, கீழே வந்ததும் ஆவியாகிப் பரவியிருந்தது. கரைக் கல் மட்டும் கறுப்பாக, கூர்மையாக நின்றது.

“இப்பவும் கெட்டுப் போச்சா?” என்று கேட்டார் அஞ்சலை, உண்மையான அனுதாபத்தோடு.

“ஆமாம்மா.”

“பரவால்ல சார். வயசானா கை நடுங்கத்தான் செய்யும்.”

அவர் ஏழுமலையின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். “தம்பி, நாளைக்கு மிஷின் வேணாம். நெல்லு பச்சையா கீது. முத்துனதும் நானே சொல்லி அனுப்பறேன். இல்ல, சர்வே எல்லாம் இல்ல. யாரோ போட்டோக்காரரு. பாவம், தெரியாம வந்துட்டாரு.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு நெடுநாள் நிலுவையில் கிடந்த ஒரு ஃபைலை முடித்த நிம்மதி. ஆனால் அவர் கரையிலிருந்து போகவில்லை. கையில் இருந்த கதிரைத் தண்ணீரில் போட்டு, அது படியில் விழுந்து மறைவதைப் பார்த்தார்.

“நீங்க இல்ல. சரி. நெசமாவே ஒரு நாளைக்கு வந்தா, அப்ப என்னா சார் பண்றது?”

ஆட்சேப மனு எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது, ஒப்புகைச் சீட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று எல்லாம் சொன்னேன். இந்த முறை அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். ஏழுமலை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார், அதைப் போனில் பதிந்துகொண்டார். சொல்லி முடித்தபோது எனக்கே அது போதுமானதாகப் படவில்லை. அஞ்சலைக்கும் படவில்லை என்பது தெரிந்தது. ஆனால் மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு சட்டென்று சொன்னார். “சார், எங்க கழனியையும் அதே மாதிரி ஒண்ணு எடுங்க.”

“எந்த மாதிரி?”

“அதான், ஆட்டி. வரப்பு தெரியாத மாதிரி. எவனாலயும் அளக்க முடியாத மாதிரி.”

அதற்கு முக்காலி தேவையில்லை. கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்துவைத்து, இடமிருந்து வலமாகக் கழனி முழுவதையும் ஒரே இழுப்பாக இழுத்தேன். கடைசி வெளிச்சம் அதற்குள் விழுந்தது. பச்சை, மஞ்சள், செம்மை எல்லாம் நீளக் கோடுகளாக ஓடின. வரப்பு இல்லை, கல் இல்லை. வாய்க்கால் எங்கே முடிந்து நெல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. நிலமே தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“இதுதான் சரி” என்றார். “இத என் போனுக்கு அனுப்புங்க. எங்க வூட்டுக்காரரு ஷிப்டு முடிஞ்சி மேல வந்ததும் பாக்கட்டும்.”

“என்னான்னு கேட்டா?” என்றார் ஏழுமலை.

“நம்ம நெலம்னு சொல்லுவேன். கண்டுபுடிக்கட்டும்.”

ஊர் திரும்பியதும் இரண்டு படங்களையும் போட்டிக்குக் கொடுத்தேன். செம்பாக வழிந்த நீருக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. கழனிப் படத்தைச் செயலாளர் திருப்பி அனுப்பிவிட்டார்: தலைப்புக்குள் வரவில்லை, பொருள் இன்னதென்று தெளிவில்லை, கேமரா அசைந்திருக்கிறது. மூன்றுமே நியாயமான குறிப்புகள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தை கடைசியில் ஒரு மாலை, போனில் அஞ்சலையிடமிருந்து ஒரு படம் வந்தது. அறுத்த கழனி. குத்துக் குத்தாக நிற்கும் நெல் அடித்தாள், வரப்பு, வாய்க்கால் கரை, கரைமேல் வரிசையாக நெல் மூட்டைகள். முன்னால் சாக்குமேல் கொட்டியிருந்த நெல்லில் ஒவ்வொரு மணியும் எண்ணி எடுக்கலாம் போல முற்றி, மஞ்சளாக இருந்தது. ஒரு மூலையில் அவர் கட்டைவிரல். கூடவே குரல் பதிவு.

“சார், அறுத்தாச்சு. நல்லா முத்தி வந்துச்சு. வூட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க. போட்டோ பாத்தீங்களா? ஆட்டாம எடுத்திருக்கேன்.”